அறுநூறு கிராம் பொங்கல்

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு நல்ல மனிதருக்குக் கிடைக்கவிருந்த வேலையை, சாப்பிட வைத்தே கெடுக்கப் பார்த்தேன். இட்லி, வெண்பொங்கல், வடை, கடைசியாக ஒரு டிகிரி காபி. நான் பயன்படுத்திய ஆயுதங்கள் இவ்வளவுதான்.

முறையாகச் சொல்கிறேன்.

முத்துப்பேட்டையில் ஜபருல்லா என்று எனக்கு ஒரு நண்பர் உண்டு. பத்து வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து, ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மளிகை அவருக்குத் தொழில். கபடி அவருக்கு வியாதி. உள்ளூர் அணி ஒன்றுக்கு மேனேஜர், கோச், டாக்டர் எல்லாமே அவர்தான். ஒருநாள் போன் செய்தார்.

“அண்ணே, தஞ்சாவூர்ல ரெண்டு நாள் டோர்னமெண்ட். பத்துப் பேரு வர்றோம். எங்க சாப்பிடறது, எங்க காபி குடிக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

இதை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் — விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதில் இரண்டு அணிகள் இருக்கும் என்பது மட்டும். ஆனால் சாப்பாடு? பாபநாசத்தில் குடியிருந்துகொண்டு, காபிக்காக மட்டும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறுகிற ஆள் நான். மனைவி இதை வியாதி என்கிறார்.

அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினேன். மூன்று பக்கம். கீழவாசலில் எந்தக் கடை பரோட்டா, தெற்கு வீதியில் எந்த மெஸ்ஸில் மதியச் சாப்பாடு, வத்தக்குழம்பு எந்தக் கிழமை நன்றாக இருக்கும், ரோஸ் மில்க் எங்கே, நன்னாரி சர்பத் எங்கே, எந்த மாஸ்டர் லீவு போட்டால் அந்தக் கடைப் பக்கமே போகக் கூடாது... எல்லாம் எழுதியிருந்தேன்.

கூடவே ஒரு பொது அறிவுரையும் சேர்த்தேன். விளையாடவோ, விளையாட்டைப் பார்க்கவோ வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். மைதானத்துக்கு எதிரே எந்தக் கடை இருக்கிறதோ அங்கேயே சாப்பிடுகிறார்கள். அந்தக் கடைக்காரருக்கு நீங்கள் மறுபடி வரப்போவதில்லை என்று தெரியும். சாம்பாரிலும் அது தெரியும். ஆகவே பத்து நிமிடம் நடங்கள்... உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை எது என்று பாருங்கள்.

நல்ல அறிவுரைதானே? இன்றைக்கும் அதை நான் வாபஸ் வாங்கவில்லை.

ஜபருல்லா பதிலுக்கு வரிசையாக மெசேஜ் அனுப்பினார். வேன் எப்போது வருகிறது, யார் யார் வருகிறார்கள், ரூம் எங்கே என்று இருபது மெசேஜ். அதில் ஒன்று — ‘காலைல எட்டுலேர்ந்து ஒன்பதரை வரை வெயிட் பாப்பாங்க.’ படித்தேன். ஏதோ ஆஸ்பத்திரிச் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

குறிப்பிட்ட நாளில், காலை ஆறே முக்காலுக்கு, என் பட்டியலின் முதல் கடையில் காத்திருந்தேன். அணியின் பெயரைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஜபருல்லா நேராக மைதானத்துக்குப் போய்விட்டார். வேன் மட்டும் வந்தது. ஒன்பது பேர் இறங்கினார்கள். அவர்கள் உட்காருவதற்கு முன்பே இலை போடச் சொல்லி, எல்லாவற்றையும் பரிமாறவும் சொல்லியிருந்தேன். இட்லிக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த கடப்பா. நடுவில் நெய் மினுங்கும் பொங்கல். ஓரத்தில் வடை.

ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் இலையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். இருபத்து நான்கு வயது இருக்கும். முருகையன் என்று சொன்னார்கள். அணியின் முக்கிய ரெய்டர் — அதாவது எதிரணிப் பக்கம் மூச்சுப் பிடித்துப் போய், ஆளைத் தொட்டுவிட்டு ஓடி வருகிறவர்.

“சாப்பிடுங்க தம்பி. ஆறிடும்” என்றேன்.

“இல்ல சார்... கொஞ்சம் கழிச்சு...”

“கழிச்சுன்னா பொங்கல் கட்டியாயிடும். சாப்பிடுங்க. நம்ம ஊருக்கு வந்துட்டு வெறும் வயித்தோட விளையாடுவீங்களா?”

அவர் ஒரு முறை தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் வடையில் மும்முரமாக இருந்தார்கள். சாப்பிட்டார். இரண்டாம் தடவை பொங்கலை நானே வைக்கச் சொன்னேன். அதையும் சாப்பிட்டு, காபியும் குடித்தார். எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

எட்டு மணிக்கு மைதானத்தில் விஷயம் தெரிந்தது. அது அறுபத்தைந்து கிலோ பிரிவுப் போட்டி. ஒவ்வொரு ஆட்டக்காரரும் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். அறுபத்தைந்துக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் ஆட முடியாது. மற்ற எட்டுப் பேரும் ஐம்பத்தெட்டு, அறுபது என்று ஏறி இறங்கினார்கள். முருகையன் ஏறினார்.

65.600.

ஜபருல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ராத்திரி நம்ம கடையில அரிசி மூட்டை போடுற மெஷின்ல நிறுத்திப் பாத்தேனே! அறுபத்து நாலரைதானே இருந்துச்சு? நாலு நாளா அரைச் சப்பாத்திதானே சாப்பிட்டே?”

முருகையன் மெஷினை விட்டு இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜபருல்லா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். “அண்ணே, இன்னைக்கு ஒரு பெரிய கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க வந்திருக்காங்க. எடுத்தா வேலை. மாசச் சம்பளம். இவன் அடுத்தவங்க போட்டுல கடலுக்குப் போறவன். வீட்டுல ஒன்றரை வயசுப் பொண்ணு இருக்கு. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், எடுக்க மாட்டாங்க.”

நான் முருகையனிடம் போனேன். “வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி?”

“இலையில வச்சுட்டீங்களே சார். வச்சதை விட்டுட்டு எழுந்திரிக்க எனக்குத் தெரியாது.”

நம் பக்கத்தில் யாருக்குத்தான் அது தெரியும்? காபியாவது குடித்துவிட்டுப் போங்கள் என்று வாசலில் மறிக்கிற ஜனங்கள் நாம். பசிக்கவில்லை என்றால் நம்ப மாட்டோம். வயிறு சரியில்லை என்றால் ரசம் சாதம் போடுவோம். வேண்டாம் என்றால்... கோபித்துக்கொள்வோம். அன்பு என்று பெயர் வைத்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அந்தக் காலையில் என் அன்பு சரியாக அறுநூறு கிராம் எடை காட்டியது.

ஒன்றரை மணி நேரம் இருந்தது. வேன் டிரைவரின் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு முருகையன் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். வியர்த்துக் கொட்டினால் எடை இறங்குமாம். ஆனால் அது ஆடி மாதம். காற்று என்றால் காற்று, பந்தலையே தூக்குகிற காற்று. நாற்பது நிமிடம் ஓடியும் நெற்றியில்தான் ஈரம்.

“இந்தக் காத்தாலதான் சார் ஒரு வாரமா கடலுக்கே போகலை” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. “இங்கயும் வந்துருச்சு.”

மெஷினில் ஏறினார். 65.250. மணி எட்டு நாற்பத்தைந்து.

ஜபருல்லா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு துஆ ஓத ஆரம்பித்தார். நான் யோசித்தேன். விளையாட்டைப் பற்றி எனக்கு யோசிக்கத் தெரியாது. ஆகவே தெரிந்ததைப் பற்றி யோசித்தேன். இந்த ஊரில், இந்த நேரத்தில், காற்றே புகாத சூடான இடம் எது?

என் பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் ஒரு மிட்டாய்க் கடை இருந்தது. அசோகாவுக்காக எழுதியிருந்தேன். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிற நம் ஊர் அல்வா. கடைக்குப் பின்னால் சமையல் கட்டு. விறகு அடுப்பு, தகரக் கூரை, ஆள் இறங்கிக் குளிக்கலாம் போல ஒரு கடாய். ஜன்னல் கிடையாது. தினமும் ஒன்பது மணிக்கு முதல் அசோகா.

முருகையனை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். மாஸ்டர் பெயர் தண்டபாணி. இருபது வருடமாக என்னைத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். அவர் ரெயின்கோட்டை மேலும் கீழும் பார்த்தார். துடுப்பு மாதிரி நீளமான கரண்டியை முருகையன் கையில் கொடுத்தார்.

“அடி பிடிக்கக் கூடாது தம்பி. கைய நிறுத்துனீங்கன்னா போச்சு.”

முருகையன் கையை நிறுத்தவில்லை. வலை இழுத்த தோள். இருபது நிமிடம். ரெயின்கோட்டின் கை வழியாக வியர்வை தரையில் ஓடியது. வாசலில் நின்றிருந்த எனக்கே சட்டை ஒட்டிக்கொண்டது. நெய் வாசனை வேறு... நாலு நாளாகப் பட்டினி கிடந்த மனிதர் முன்னால் இப்படி ஒரு வாசனை வரலாமா? நான் கொடுத்த காலைச் சாப்பாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பதம் வந்தது. மாஸ்டர் இறக்கித் தட்டில் கொட்டினார். ஒரு துண்டு வாழை இலையில் கொஞ்சம் எடுத்து முருகையனிடம் நீட்டினார்.

“முதல்ல நீங்க. எங்க கடையில கிண்டினவங்க வாயில வச்சப்புறம்தான் தட்டு முன்னால போகும். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

மணி ஒன்பது பதினைந்து.

முருகையன் இலையைப் பார்த்தார். காலையில் பொங்கலைப் பார்த்த அதே பார்வை. “மாஸ்டர், நான் வேணா சாப்பிடறேனே” என்றேன்.

“நீங்க எங்க கிண்டினீங்க?” என்றார் மாஸ்டர்.

முருகையன் கையெடுத்துக் கும்பிட்டார். “மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. எனக்கு வேண்டாம்.”

அடுப்பில் விறகு வெடித்தது. மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது.

“இனிப்பு ஆகாதா?”

“ரொம்பப் பிடிக்கும். இப்ப வேண்டாம். எடை போட்டு, ஆடி முடிச்சுட்டு வந்து சாப்பிடறேன்.”

மாஸ்டர் இலையில் இருந்ததைத் திரும்பத் தட்டில் வைத்து, தட்டைத் துணியால் மூடினார்.

“அப்ப நீங்க வர்ற வரைக்கும் இது கடைக்குப் போகாது. போயிட்டு வாங்க.”

ஒன்பது இருபத்தைந்துக்கு மைதானம். ரெயின்கோட்டைக் கழற்றி, உடம்பைத் துடைத்துக்கொண்டு, மெஷினில் ஏறினார். எண்கள் ஆடின. 65.020 என்று காட்டியது. பிறகு 64.990. பிறகு நின்றது.

64.980.

நோட்டில் பெயரை எழுதினார்கள். முருகையன் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு லிட்டர் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். ஜபருல்லா அவர் தலையைத் துவட்டிவிட்டார். நான் அழுதுவிட்டேன். ஐம்பத்தாறு வயதில், ஒரு எடை மெஷின் முன்னால்... பக்கத்தில் இருந்தவர் என்னை வேறு பிரிவில் தோற்றுப்போன ஆட்டக்காரர் என்று நினைத்திருக்க வழியில்லை. இருந்தாலும் தோளில் தட்டினார்.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, நாலாவது ஆள் காலைப் பிடித்தும் நடுக்கோட்டைத் தொட்டார் என்பது மட்டும் தெரியும். பக்கத்தில் ஜபருல்லா என் கையைக் கிள்ளியதில் ரத்தம் கட்டியிருந்தது. அரையிறுதியில் அணி தோற்றது. ஆனால் கம்பெனிக்காரர்கள் முருகையனைக் கூப்பிட்டுப் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் ஆட்டம் முடிந்துதான் மிட்டாய்க் கடைக்குப் போக முடிந்தது. முதல் நாள் கிண்டியது, முன்கடையில் வைக்காமல், உள்ளே மூடியபடியே இருந்தது. முதல் நாள் வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் மாஸ்டர், “அசோகா இன்னும் ஆகலை” என்றே சொல்லியிருக்கிறார்.

முருகையன் உட்கார்ந்து, நிதானமாக, இரண்டு இலை சாப்பிட்டார்.

“எப்படி இருக்கு?” என்றார் மாஸ்டர்.

“நல்லா இருக்கு மாஸ்டர். இன்னும் ரெண்டு நிமிஷம் கிண்டியிருக்கலாம்.”

போன செவ்வாய்க்கிழமை முருகையனே போன் செய்தார். கம்பெனி கூப்பிட்டுவிட்டது. கோயம்புத்தூரில் கடைசித் தேர்வு. நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“கோயம்புத்தூரா? அங்க எனக்கு நாலு கடை தெரியும் தம்பி! காலைல ஒரு இடத்துல—”

“சார். அங்கயும் எடை பாப்பாங்க. முடிஞ்சதும் நானே போன் பண்றேன். அதுக்கப்புறம் வீட்டுலேர்ந்து கிளம்புங்க.”

“பாபநாசத்துலேர்ந்து கோயம்புத்தூர் வர்றதுக்கு ஆறு மணி நேரம் ஆகும் தம்பி.”

“தெரியும் சார். அதான்.”