பிறை தெரியக் கூடாது

ஊரே பெருநாள் பிறை பார்க்க மாடி ஏறும் மாலையில், பிறை தெரியவே கூடாது என்று அல்லாவிடம் துஆ கேட்டவள் செங்கல்பட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர் ரமலான் மாதம் மட்டும் குடிக்க மாட்டார். அதனால்தான்.

மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டினார். வேன் நிறுத்துகிற இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒயின் ஷாப். ரமலானிலும் அது அங்கேயேதான் இருந்தது. இவர்தான் திரும்பிப் பார்க்காமல் வருவார். நோன்பு திறக்கப் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்கில் வாங்கி வருவார். இரவில் தராவீஹ் தொழுதுவிட்டு வந்து மகளோடு சிரித்துப் பேசுவார். அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வரும். ஒரு மாதம் குடிக்காமல் இருக்க முடிகிறதென்றால் மற்ற மாதங்களில் ஏன் முடியவில்லை? கேட்க வாய் துறுதுறுக்கும். கேட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். மாப்பிள்ளை தொழுகையாளி என்று சொல்லித்தான் நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். பொய்யும் இல்லை, தொழுகிறவர்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் நோன்பு வந்தது. இருபத்தொன்பதாம் நாள் காலையிலிருந்தே நல்ல மேகம். அப்பாடா, இன்னும் ஒரு நாள் கிடைத்தது என்று நிம்மதியாக இருந்தேன். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுதுவிட்டு மாடிக்குப் போனால், பாழாய்ப்போன மேகம் மேற்கே விலகிக்கொண்டிருந்தது. மெலிசாகப் பிறை. பார்த்துவிட்டேன். வாய் திறக்கவில்லை.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணும் அங்கேயேதான் இருந்தது.

அடுத்த மாடியிலிருந்த பாய், "இன்னாப்பா, எதுனா தெரியுதா?" என்று கேட்டார்.

"இல்ல பாய், ஒரே மேகமா கீது," என்றார் இவர்.

இத்தனை வருஷமும் இந்த ஆள் பெருநாள் எப்போது வரும், குடிக்கலாம் என்று காத்துக் கிடக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவருக்கும் பயம் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்குள் தெருக்கோடியில் யாரோ பார்த்துக் கத்திவிட்டார்கள். பள்ளிவாசல் மைக்கில் பெருநாள் தக்பீர் ஆரம்பித்தது. மகள் குதித்துக்கொண்டு கீழே ஓடினாள். இவர் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"நோம்பு வச்சிகினு இருந்தா நான் சரியாத்தான் கீறேன். நாளிக்கி இன்னா பண்ணுவேன், சொல்லு."

"நாளைக்கு ஒரு நாள்தாங்க நோம்பு ஹராமு, வைக்கக் கூடாது. மறுநாளே ஷவ்வால் மாசத்து ஆறு நோம்பு புடிக்கலாம். ரெண்டு பேரும் சேந்து புடிப்போம். அந்த ஒரு நாள மட்டும் தாண்டிடுங்க."

"அந்த ஒரு நாளத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

பெருநாள் தொழுகைக்குப் புதுச் சட்டை போட்டு அனுப்பினேன். போனபடியே வந்தார். பிரியாணி சாப்பிட்டார். மத்தியானம் வரைக்கும் அவரை விட்டு நகரவில்லை. அவர் பாத்ரூம் போனாலும் வெளியே நின்றேன். பைத்தியக்காரி மாதிரி இருக்கிறதே என்று எனக்கே தோன்றியது. அப்போது சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அக்கா குடும்பம் வந்தது. அவர்களுக்குச் சாப்பாடு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வாசலில் அவர் செருப்பு இல்லை.

அந்த ஆறு நோன்பையும் நான் தனியாகத்தான் வைத்தேன்.