சாட்சி சொல்லச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

வாலிபத்தில் நான் கடவுளுக்குச் செய்ததெல்லாம் பாய் விரிப்பதும் மைக்செட் தூக்குவதும்தான். மங்கலம்பேட்டை வரைக்கும் குழாய் ஒலிபெருக்கியைத் தோளில் சுமந்திருக்கிறேன். அதில் சந்தோஷம் இருந்தது. கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு துடைப்பதோடு சரி. ஒவ்வொரு பருவத்திலும் கடவுள் நம்மிடம் வேறு வேறு வேலை கேட்பார் என்று எங்கள் போதகர் ஒரு வாரம் பிரசங்கம் செய்தார். அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்துக்கிடந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மறுத்துப் பேசத் தெரியவில்லை.

அந்தப் பெரியவர் வருஷக்கணக்காக எங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்தியவர். மனைவி, பிள்ளை யாரும் இல்லை. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் விழவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்குப் போய் அவரைக் கழுவித் துணி மாற்றிவிட்டு, எட்டு மணிக்குப் பீங்கான் கம்பெனியில் நிற்பேன். அச்சுக்குள் மண்கூழ் ஊற்றும் வேலை எனக்கு. கை முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கும். அதற்குள்ளிருந்தும் காலையில் அந்த அறையில் பட்ட நாற்றம் வருவதுபோல் இருக்கும். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் பருப்புச் சாதத்தைப் பார்க்க முடியாது, குமட்டும். என் மனைவி ஒன்றும் கேட்காமல் தயிர்சாதம் கட்ட ஆரம்பித்தாள்.

இதில் புண்ணியம் இருக்கிறது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அருவருப்புதான் இருந்தது. அவர் உடம்பைப் பார்த்து அருவருப்பு. அப்படி நினைக்கிற என்னைப் பார்த்து அதைவிட அருவருப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் நாலைந்து பேர் ஜெபம் பண்ண வருவார்கள். வாசலிலேயே நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நீளமாக ஜெபித்துவிட்டு, அவரால் உரிக்க முடியாத சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போவார்கள்.

“மூக்கைப் பொத்திக்கிட்டுப் பண்ற ஜெபம் கூரையைத் தாண்டாதுடா தம்பி” என்பார் பெரியவர், அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள்ளேயே.

ஆறு மாதம் ஓடியது. என்னால் முடியவில்லை. போதகரிடம் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் வேறு யாராவது வரட்டும் என்று கேட்டேன். ஏன் என்றார். அங்கேதான் தப்புச் செய்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்குச் சுற்றிவளைத்துச் சொல்ல வராது. படுக்கை, துணி, நாற்றம், நான் வாந்தி எடுத்தது எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஆள் அனுப்புவார் என்று நினைத்தேன். ஆனால் சபை ஆண்டு விழாவில் எல்லோர் முன்னாலும் நின்று இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குப் பேச வராது என்றதற்கு, அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் அவரிடம் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. ‘மகிழ்ச்சியோடு செய்கிறேன்’ என்பது மட்டும் புதிதாக இருந்தது.

சேதி பெரியவர் காதுக்கும் போய்விட்டது. சனிக்கிழமை காலை அவர் வழக்கம்போல் கிண்டல் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நாளைக்கு மைக்குல என்னைப் பத்திச் சொல்லப்போறியாமே?”

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

“அவங்க முன்னாடி நான் பாடினவன்டா. இந்தப் படுக்கை, துணி சமாச்சாரத்தை மட்டும் சொல்லிடாத.”

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். என்னைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். தாளைப் பிரித்தேன். பெரியவர் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

“பெரியவரைத் தூக்கி உக்கார வைக்க ஒரு ஆள் பத்தலைங்க” என்றேன். “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு யாராச்சும் வாங்க.”

கைக்குட்டை வைத்து ஜெபித்தவர்களில் ஒருவர் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டினார். போதகர் மைக்கை வாங்கி ஸ்தோத்திரம் சொல்லி, அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. நல்ல சாட்சி ஒன்று கெட்டுப்போன வருத்தம். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை யாரும் வரவில்லை. விழாப் பிரியாணி பெரியவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்ததுமே கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“வாந்தி எடுக்கணும்னா வெளிய போயி எடுத்துட்டு வா” என்றார் அவர். “நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.”

வெளியே போய் எடுத்தேன். குழாயில் வாய் கொப்பளித்தேன். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.