எட்டு மணிச் சத்தம்

சான் ஹோசேயில் எங்கள் அப்பார்ட்மென்டின் எதிர்வீட்டுக்காரர் நெற்றியில் விபூதியும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாகத்தான் வெளியே வருவார். அப்படிப்பட்டவரிடம் இளவட்டங்கள் சீறிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி ஒரு பழைய சிவப்பு மசில் கார் இருந்தது எங்களுக்கெல்லாம் வேடிக்கை. சரியாகக் காலை எட்டுக்கு ஆபீஸ் கிளம்புவார்; மாலை ஆறுக்குத் திரும்புவார்.

2001இல் அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானது. ஒரு சனிக்கிழமை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு வகையைக் காட்டினார். ஒன்று அமைதியானது, இன்னொன்று உறுமுவது. அவை பொருத்திய இரண்டு கார்களையும் ஸ்டார்ட் செய்தார். இவர் ஒவ்வொரு டிக்கியிலும் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். உறுமுவதே இருக்கட்டும் என்றார்.

"மூணாவது மாடி வரைக்கும் கேக்குமே சார்?" என்றேன்.

"கேக்கணும். நான் ஆபீஸ் கிளம்பறது வீட்ல தெரியணும் இல்லையா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, லீவில் இருந்த நான் பகல் பதினோரு மணிக்கு நூலகத்துக்குப் போனேன். பார்க்கிங்கின் கடைசி மூலையில் அந்தச் சிவப்புக் கார் நின்றது. அவர் உள்ளே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக மூடினார்.

"லே ஆஃப் பண்ணிட்டாங்க. வீட்ல சொல்லல. நீங்களும்..." என்று நிறுத்தினார்.

சைலன்சர் வாங்கிய அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே வேலை போய்விட்டதா என்று கேட்காமல் நூலகத்துக்குள் நடந்தேன்.

அன்று மாலை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"எதிர்வீட்டு சார் ஆபீஸ்லேர்ந்து வந்துட்டார், மணி ஆறு" என்றாள் என் மனைவி.

"ஆமா" என்றேன்.