நாளைய தேதியில் ஒரு முத்திரை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய தேதி முத்திரை கிடக்கிறது. ரப்பர் சக்கரங்களைக் கட்டைவிரலால் உருட்டித் தேதி வைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் வாங்கும் எழுத்தராகச் சேர்ந்தபோது அதை என்னிடம் கொடுத்தார்கள். சுறுசுறுப்பானவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு. ஐந்தேகாலுக்கே சக்கரத்தை மறுநாளுக்கு உருட்டிவிட்டு, சென்னை ரயிலுக்குத் தயாராகிவிடுவேன். காலையில் ஒரு வேலை மிச்சம்.

எங்கள் பகல் காவலர் பழவேற்காட்டுக்காரர். அவர் பணியில் இருந்த ஒரு நாள் தண்ணீர் மோட்டார் திருட்டுப் போனது. ஏன் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். பதில் தரப் பதினைந்து நாள் கெடு. திருட்டு நடந்த நேரத்தில் அதிகாரியே தன்னைத் திருவள்ளூருக்கு அனுப்பியிருந்தார் என்று எழுதி, கடைசி நாள் ஐந்தரைக்குக் கொண்டுவந்தார். ரயில் அவசரத்தில் பார்க்காமல் குத்தினேன், அவருடைய நகலிலும் சேர்த்து. இரண்டிலும் மறுநாள் தேதி. கெடு தாண்டிய பதிலை யாரும் படிக்கவில்லை. பணிநீக்க ஆணை தயாரானது.

விஷயம் தெரிந்து ஓடிவந்தார். “சார், அன்னிக்கி சாயங்காலமே குட்த்தேனே! நீங்கதான சீல் குத்தி வாங்கிக்கினீங்க?”

என் தப்பு அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. “சீல்ல இன்னா தேதி இருக்குதோ அதான்” என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று மாலை ஐந்தரைக்கு என் மேசைக்கு வந்து, முத்திரையை எடுத்து ஒரு வெற்றுத்தாளில் குத்தினார். பழக்கத்தில் அன்றும் சக்கரத்தை உருட்டி வைத்திருந்தேன்; நாளைய தேதி விழுந்தது. அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்து, ஆணையை நிறுத்தும்படி எழுதினார்.

“அவர் சொல்றத இன்னும் யாரும் கேக்கலப்பா. கேக்காம எப்படி வீட்டுக்கு அனுப்புறது? உனக்கும் மெமோ வரும். பயப்படாத, உனக்கும் பதினஞ்சு நாள் இருக்கு.”

மேலிடத்தில் அந்தப் பதிலைப் படித்தார்கள். காவலர் ஓய்வுபெறும்வரை வேலையில் இருந்தார். மெமோ வந்த அன்றே நான் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா அதில் குத்தினார். ஒரு கண்டனத்தோடு தப்பித்தேன்.

இன்று அவருடைய நாற்காலியில் நான். தேதியைக் கணினி போடுகிறது. நேற்று ஐந்தரைக்கு ஓர் ஓட்டுநர் தன் மெமோவுக்குப் பதிலோடு வந்தார். “சிஸ்டம் ஆஃப் பண்ட்டோம், நாளைக்கு வாங்க” என்றார்கள் தபால் பிரிவில்.

“கடைசி நாளா?” என்று கேட்டேன். தலையாட்டினார்.

இழுப்பறையைத் திறந்தேன். சக்கரத்தை அன்றைய தேதிக்கு உருட்டி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டுக் குத்தினேன்.