எட்டு கிளாசும் காசிநாதன் மூக்கும்

கடலூர் துறைமுகத்தில் நாற்பது வருஷம் மீன் ஏலம் விட்டவர் காசிநாதன். மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் சொந்தமாக ரெண்டு லாஞ்சு, மூணு ஐஸ் வண்டி. எவனும் தூக்கிக் கொடுத்ததில்லை. எப்படிச் சம்பாதித்தீர்கள் என்று கேட்டால் நாக்கை நீட்டிக் காட்டுவார். இது பொய் சொல்லாது என்பார். போன வாரம் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்த காபியை அந்த நாக்குதான் சப்புக்கொட்டிக் குடித்தது என்று அவர் சம்சாரம் குணசுந்தரி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

2008இல் சிதம்பரம் பைபாசில் ஞானசேகரன் பெரிய ஓட்டல் கட்டினார். கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு பார் வசதியும் உண்டு. தினப்படி மீன் போடும் ஆர்டரைக் கேட்டு காசிநாதன் போனபோது, மேசை மேல் நாலு சிவப்பு வைன், நாலு வெள்ளை வைன். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த ப்ரீத்தி, ஓட்டல் படிப்புப் படித்த பெண், பாருக்கு எதை வாங்கலாம் என்று ஒவ்வொன்றாய் ருசித்து மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். காசிநாதனுக்கு வாய் சும்மா இருக்குமா? நாக்குப் பெருமையை எடுத்துவிட்டார்.

"அப்ப நீங்களும் மார்க் போடுங்க மாமா," என்றார் ஞானசேகரன். "சரியா இருந்தா மீன் ஆர்டர் உங்களுக்கு. இல்லேன்னா வெளியில பரங்கிப்பேட்டை மீன் வியாபாரி காத்துக்கிட்டிருக்காரு."

காசிநாதன் எட்டையும் குடித்தார். எட்டும் ஒரே மாதிரி, புளித்த நீராகாரம் போலத்தான் இருந்தது. வியர்த்துவிட்டது. பரங்கிப்பேட்டைக்காரன் செருமுகிற சத்தம் வேறு கேட்டது. கடைசியில் தெரிந்த கணக்கையே போட்டார். செவுள் சிவந்திருந்தால் அன்னைக்குப் பிடிச்ச மீன், வெளுத்திருந்தால் ஐஸில் கிடந்த மீன். ஆகையால் சிவப்பு நாலும் நயம், வெள்ளை நாலும் பழசு என்று தீர்ப்புச் சொன்னார்.

ப்ரீத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மீனுக்கு வெள்ளைதான் பொருத்தம் என்றாள். பழசாவது வைனுக்குக் குறையும் இல்லையாம். ஞானசேகரன் வாசல் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் காசிநாதனுக்கு உறைத்தது. நாற்பது வருஷத்தில் ஒரு மீனையாவது பச்சையாக வாயில் வைத்துப் பார்த்திருக்கிறாரா? எல்லாம் மூக்கு பார்த்த வேலை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் ஊற்றச் சொன்னார். இந்தத் தடவை ஒரு சொட்டும் குடிக்கவில்லை. மோந்து மோந்து, இது வஞ்சிரம், இது சங்கரா, இது காரப்பொடி என்று மீன் பேரிலேயே தரம் பிரித்துக்கொண்டே போனார். ஏழாவது கிளாசில் நின்றார். வெள்ளை வைன்.

"இது நனைஞ்ச கோணி வாடை. ஏலத்துக்கே வராது, கொட்டிடு."

அதற்குத்தான் ப்ரீத்தி இருபதுக்குப் பதினேழு போட்டிருந்தாள். மறுபடி மோந்து பார்த்தாள். பாட்டில் கார்க்கை எடுத்து மோந்தாள். முகம் மாறியது.

"கார்க் கெட்டு, அந்த வாடை வைன்ல ஏறியிருக்கு சார். காலையிலேருந்து மோந்து மோந்து எனக்கு மூக்கு மரத்துப் போச்சு," என்று பதினேழை அடித்தாள்.

ஞானசேகரன் கையோடு ஆர்டர் கொடுத்தார். பரங்கிப்பேட்டைக்காரருக்குக் காபி மட்டும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்த காசிநாதன், நாக்கால் ஜெயித்த கதையைக் குணசுந்தரியிடம் விலாவாரியாகச் சொன்னார். மூக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அவள் உள்ளே போய் காபி கலந்துகொண்டு வந்தாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

"இன்னைக்குத்தான் சர்க்கரை அளவா இருக்கு," என்றார்.

குணசுந்தரி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.