குசினி மட்டும் ஒரே பச்சை

எங்கட ஊரில் வீடு பொம்பிளைக்குச் சொந்தம். வெளியூர்க்காரிகள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். எங்கட உம்மாவைக் கேட்டிருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருப்பா. மகளுக்குக் கலியாணம் என்றால் இருக்கிற வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு அடுத்தவளுக்கு அத்திவாரம் வெட்ட வேண்டும். மாப்பிள்ளை வந்து மகளோடு குடியிருப்பார். நாங்கள் மூன்றும் பொட்டைகள். நான் கடைக்குட்டி.

உம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசைதான். எழுபதுகளின் கடைசியில் கண் காட்டுவதற்கு மட்டக்களப்புக்குப் போன நேரம், வாப்பாவுக்குப் பழக்கமான, ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கி நோனாவின் வீட்டில் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறா. அந்த வீட்டில் சுவர், கதவு, திரை, கதிரை உறை எல்லாம் ஒரே பாங்கு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே கதை.

“முன் ஹோலில இரிந்து குசினி மட்டும் ஒரே வீடுகா! எங்கட வீடு நாலு வீட்ட ஒட்டி வெச்ச மாதிரிக் கிடக்கு.”

உண்மைதான். அப்போது எங்கட பக்கத்து வீடுகளில் ஹோலுக்கு ரோஸ், அறைக்கு நீலம், அடுப்பெரிகிற குசினிக்குப் புகை. பவுசு எல்லாம் முன்னுக்கு வைத்த ஷோகேசோடு சரி.

உம்மா பச்சையைப் பிடித்தா, வாழைக்குருத்துப் பச்சை. சுண்ணாம்பில் பச்சைத்தூளைக் கலப்பா, சுவரில் ஒரு கை பூசுவா, காய விட்டுப் பார்ப்பா, “சேரல்ல” என்று மறுகாவும் கலப்பா. மருதமுனையில் தறிகாரரைப் பிடித்து அதே பச்சையில் வெள்ளைக்கோடு விட்டு நெய்வித்தா. திரை, கதிரை உறை, கட்டில் விரிப்பு மட்டுமில்லை, குசினியில் சட்டி பானைத் தட்டை மறைக்கிற துண்டும் அதே துணிதான். வாப்பா பகிடி பண்ணுவார்: “எனக்கும் அதில ஒரு சாரம் நெய்விச்சிரு. கதிரையில இரிந்தா ஆள் இரிக்கெண்டே தெரியாமப் போகட்டும்.”

வீடு முடிந்த கையோடு மூத்த ராத்தாவுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. தன்னுடைய சாய்மனைக் கதிரையையும் ஒரு சோடித் திரையையும் கொட்டிலுக்கு எடுத்துப் போகலாம் என்று உம்மா நினைத்திருந்தா. வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா ஹோலின் நடுவில் நின்று, “மாஷா அல்லாஹ், எல்லாம் சோடிக்குச் சோடி! ஒண்டக் கழட்டினாலும் வீடு மொட்டையாப் போயிரும்” என்றா. இதற்குப் பிறகு எதில் கை வைப்பது? கலந்துகட்டின வீடென்றால் ஒரு கதிரை குறைந்தது ஆருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்தே உம்மா தன் கையைக் கட்டிப்போட்டா. கொட்டிலுக்கு வந்தது பாயும் கறிச்சட்டிகளும்தான்.

இரண்டாவது வீட்டுக்கு வாப்பா கெஞ்சிப் பார்த்தார். “இந்த முற கலந்து போடுகா. எங்கட சாமான நாம கொண்டு போகலாம்.” “ஏலா” என்றா உம்மா. அதுவும் முழுப் பச்சையாகச் சின்ன ராத்தாவோடு போய்ச் சேர்ந்தது.

எண்பதுகளின் நடுவில் அதே பச்சையில் எழும்பியது என்னுடைய வீடு. கடைசி மகளோடுதான் தாய் தகப்பன் கடைசி மட்டும் இருப்பது. அதனால் உம்மாவுக்கு நிலத்தில் கால் படவில்லை. “இது நான் மௌத்தாகும் மட்டும் இரிக்கிற வீடு” என்று மேசனோடு சண்டை, ஆசாரியோடு சண்டை. எனக்கும் சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை. இனி ஒருத்திக்கும் கொடுக்கத் தேவையில்லைதானே!

கலியாணம் முடிந்தது. அவர் வந்தார். உம்மா குசினிக்குள் போனா.

மருமகன் வீட்டில் நிற்கும்போது மாமி முன்னுக்கு வருவதில்லை. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது என்று வாப்பாவே சொல்வார். ஆனால் எங்கட உம்மாமாருக்கு அது வெட்கம். மூத்த மச்சான்மார் வேறு வீடுகளில் இருந்ததால் இது எனக்கு உறைக்கவே இல்லை. அவருக்குக் கடை எங்கட கேற்றடியில். தண்ணிக்கு வருவார், சில்லறைக்கு வருவார், சும்மாவும் வருவார். முன் ஹோலில் அவரும் வாப்பாவும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். உம்மா குசினித் திரைக்குப் பின்னால்.

அவர் நல்ல மனிசன். “மாமிய முன்னுக்கு வந்து இரிக்கச் சொல்லுங்க” என்று எத்தனை முறை சொன்னார். நான் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். “விடு புள்ள, என்ட முகத்த எங்க கொண்டுபோய் வைக்கிற?” என்று உதறிவிடுவா. பிறகு மெல்லக் கேட்பா: “ஹோல் திரை வெயிலுக்கு வெளிறிட்டா? கதிரை உறையில ஊத்தை ஏறிட்டா?” அவ கட்டின வீடு, வேறு ஊர்ப் புதினம் மாதிரி என்னிடம் விசாரிப்பா. ஆரோடு சண்டை பிடிப்பது? ஏசுவதற்கு ஒரு கெட்டவர் இருந்திருந்தால் எவ்வளவு நல்லம்!

நோன்புப் பெருநாளைக்குக் கிட்ட அவர் கடைச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய், ஒரு பெரிய பொதியோடு வந்தார். சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட நைலோன் திரை, அதே துணியில் கதிரை உறை. “பழசெல்லாத்தையும் மாத்துவம். வீடு புதுசாப் போகட்டும்” என்று சிரித்த முகத்தோடு விரித்துக் காட்டினார். குசினிக்கு ஓடினேன்.

“உம்மா, நான் வேணாமெண்டு சொல்லப் போறன்.”

“வாயப் பொத்து! ஆசயா வாங்கி வந்திரிக்கார்.”

அன்றைக்கே எல்லாம் மாட்டியாகிவிட்டது. அவரும் வாப்பாவும் தொழப் பள்ளிக்குப் போன நேரம் உம்மா ஹோலுக்கு வந்தா. ஒவ்வொரு திரையாகத் தொட்டுப் பார்த்தா. திரும்பிப் போய்க் குசினித் திரையைக் கழற்றினா, தட்டுத் துண்டையும் கழற்றினா, இரண்டையும் மடித்து வைத்தா.

“மிச்சத் துணியக் கொண்டா மகள். இங்கயும் அதயே போட்டிருவம்.”

அவர் அளந்து வாங்கியிருந்தார். ஹோலுக்கும் அறைகளுக்கும் சரியாக இருந்தது. குசினியை அவர் நினைக்கவில்லை. நினைக்கச் சொல்லி அவருக்கு ஆர் சொன்னது?

“மிச்சம் இல்ல உம்மா.”

உம்மா நீட்டின கையை இழுத்துக்கொண்டா. “அப்ப நான் வேற வீட்டிலதான் இரிக்கிறன்” என்றா. மடித்த பச்சைத் திரையை விரித்து, முக்காலியில் ஏறினா. நான் விழுந்துவிடாமல் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.