நளா அக்கா கடைசிப் பேப்பரை எழுதி முடித்தாள்

மல்லிகா அக்கா, இதை யாருக்கும் காட்டாதீர்கள். நளா அக்காவோடு ஒரே வகுப்பில் இருந்த உங்கள் தோழிகள் மட்டும் படிக்கட்டும். வேறு ஒருவர் கண்ணிலும் பட வேண்டாம். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் ஒருவர் படித்தால் எல்லோரும் படித்த மாதிரி. பெரியப்பா காதுக்குப் போனால் என்னை என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தயவுசெய்து காட்டாதீர்கள்.

வருகிற வாரம் அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி, அன்று சாப்பிட வருகிறவர்கள் கையில் இறந்தவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு உறவினர் எழுதிய அஞ்சலிகள். அதில் ‘அன்புத் தங்கை’ என்று என் பெயரிலும் ஒரு பக்கம் வரும். அதை நான் எழுதவில்லை. பெரியப்பாவே எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அக்கா திடீர்க் காய்ச்சலில் இறைவனடி சேர்ந்தாள் என்று அதில் இருக்கிறது. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு நான் எழுத வேண்டிய பக்கம் இதுதான்.

செய்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. கணக்குப் பாடத்தின் நடுவில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு அங்கிள் காரோடு நின்றார். “அக்காவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, பிள்ளை” என்றார். வழி முழுவதும் ரேடியோவை நிறுத்தவில்லை. அதனால் நானும் நம்பினேன். எங்கள் தெருவில் திரும்பியபோது வீட்டு வாசலில் ஒரு லோரி நின்றது. இரண்டு பேர் வாடகை நாற்காலிகளை இறக்கி, வீட்டுக்கு முன்னால் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிள் அப்போதுதான் ரேடியோவை அணைத்தார். எனக்கு நாற்காலிகள்தான் சொல்லின.

நான் அவள் கூடப் பிறந்தவள் இல்லை. என் அப்பா பெரியப்பாவின் தம்பி. எங்கள் வீடு கிள்ளானில். கோலாலம்பூரில் படித்தால் நல்லது என்று பதினாறு வயதில், நான்காம் படிவத்தில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “கிள்ளான்காரி, விளக்கை அணை”, “கிள்ளான்காரி, என்ர சீப்பு எங்க?” இப்படித்தான். அவள் அறையில்தான் இப்போதும் இருக்கிறேன். ஒரு கட்டில் காலியாக இருக்கிறது.

அவள் உங்கள் கல்லூரியில் எப்படிச் சேர்ந்தாள் என்று உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ‘சீக்கிரம் லோயர் ஆக ஆசை’ என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். அவளுக்கு அந்த ஆசையே இல்லை. ஆறாம் படிவத்துக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அந்த இரண்டு வருடப் படிப்புக்கு, அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போய், விடுதியில் தங்கி, சரித்திரம் படிக்க வேண்டும் என்றுதான் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னபோது நானும் இருந்தேன். பெரியப்பா புட்டைப் பிசைந்தபடியே கேட்டார்:

“ஆறாம் படிவம் முடிச்சும் யூனிவர்சிட்டியில எங்கட ஆக்களுக்கு இடம் தராட்டி?”

“தந்தால்?”

“தந்தால் முடிச்சு வெளியில வர உனக்கு எத்தனை வயசு? சரித்திரத்தை வச்சு என்ன செய்யப்போறாய், மியூசியத்தில நிக்கப்போறியோ? இங்க விடுமுறை இல்லாமல் ஒரே ஓட்டமாப் படிச்சால் ரெண்டு வருஷத்தில சட்டம் முடியுது. கலியாணக் கார்டில பெயருக்குப் பக்கத்தில பட்டம் விழுந்தால் வாற மாப்பிள்ளையே வேற.”

அக்கா சிரித்தாள். “அப்ப எனக்குப் படிப்பு வேண்டாம் அப்பா. கார்டைத்தான் படிக்க வைக்கவேணும்.”

பெரியம்மா அவள் கன்னத்தில் அறைந்தார். பலமாக இல்லை. சாப்பாட்டு மேசையில் அறைகிற அளவுக்குத்தான். அக்கா புட்டைச் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “ஓம், சேருறன்” என்றாள். மறுநாளே சேர்த்துவிட்டார்கள்.

அந்தக் கல்லூரியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே டயர்க் கடை, மேலே நீங்கள். விடுமுறை தீபாவளிக்கு ஒரு நாள், தைப்பூசத்துக்கு ஒரு நாள். ஒரு பேப்பர் எழுதாமல் விட்டால் முழு வருடத்தையும் மறுபடி படிக்க வேண்டும். அக்கா ரப்பர் நாற்றத்தோடு வீட்டுக்கு வருவாள். ஆனால் உங்களைப் பற்றி நிறையச் சொல்வாள். காலையில் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்து, கண்ணைத் திறந்தபடி தூங்கும் செந்தூல் மல்லிகா என்று நடித்துக் காட்டுவாள். “அவள் தூக்கத்திலயே என்னைவிடக் கூட மார்க் எடுக்கிறாள்” என்பாள்.

ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அவள் பள்ளித் தோழி ஒருத்தி அங்கே படிக்கிறாள். நூலகத்துக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் பேருந்தில் போனோம். ஏரிக்கரையில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து, ஏதோ ஒரு நாடகத்துக்கு அட்டையில் கிரீடம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தூங்கினான். எங்களைப் பார்த்து அந்தத் தோழி, “வா லா, நீயும் ஒண்ணு வெட்டு” என்றாள். அக்கா அரை மணி நேரம் கிரீடம் வெட்டினாள். அவ்வளவுதான். திரும்பும்போது பேருந்தில் சொன்னாள்: “சும்மா இருக்கிறதையும் இவையள் ஒரு பாடமாப் படிக்கினம், கிள்ளான்காரி. எனக்கு அந்தப் பாடத்தை ஒருத்தரும் தரேல்ல.” அவள் குறைப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மாப்பிள்ளை கடைசித் தேர்வுக்கு முன்னாலேயே முடிவாகிவிட்டார். டாக்டர். அவருடைய மாமி ஒருவர் பெரிய ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருக்கிறார். இந்த மாமியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா செத்தது இவரால் இல்லை. இவருக்குப் பயந்ததால்.

தேர்வு வாரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பை அடித்துப்போட்ட மாதிரி வலி. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். தெருமுனை கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, “டிங்கிக் காய்ச்சலா இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் எடுங்க” என்று தெளிவாகச் சொன்னார். நான் கூடவே நின்றேன். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

“அங்க போனால் கதை முடிஞ்சுது. ஆஸ்பத்திரி முழுக்க எங்கட சனம். இரத்தம் எடுக்க முன்னம் அந்த மாமிக்குச் செய்தி போயிடும். நோய்க்காரப் பெட்டை எண்டு ஒருக்காப் பேர் விழுந்தால் பிறகு ஆர் கட்டுவினம்?”

“வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாமே, பெரியம்மா” என்றேன்.

“வாயை மூடு. அங்க மட்டும் எங்கட சனம் இல்லையோ?”

உண்மைதான். எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு மருந்தாளரோ, ஒரு கிளார்க்கோ, யாராவது ஒருவர் எங்களுக்குச் சொந்தம். நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். நாங்கள் அதற்காகவே போகாமல் இருந்தோம். பெரியப்பா, “பேப்பர் முடியட்டும், பிறகு பார்ப்பம்” என்றார். ஈரத்துணி போட்டார்கள். பனடோல் மாத்திரை கொடுத்தார்கள். சன்னலைக்கூடச் சாத்தி வைத்தார்கள், முனகுவது வெளியே கேட்காமல் இருக்க.

கடைசிப் பேப்பர் அன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு சில்லென்று இருந்தது. பெரியம்மா சாமி அறையில் விழுந்து கும்பிட்டார். “பார்த்தீரோ, பிள்ளையார் கைவிடேல்ல” என்று பெரியப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டிங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று சாவு வீட்டில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அவரே மைலோ கரைத்துப் பிளாஸ்கில் ஊற்றினார். மண்டபத்துக்கு வெளியே பேப்பர் முடியும் வரை வெயிலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அக்கா நடுவில் வெளியே வந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனதை அவரும் பார்த்தார். அதை வீட்டில் பெருமையாகச் சொன்னார். “என்ர பிள்ளைக்கு என்ன மனத்தைரியம்!”

அன்று மாலை அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பல் ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் துடைத்தேன். “எப்படி எழுதினீங்கள்?” என்றேன்.

“நல்லா எழுதினன். ஆர் எழுதினது எண்டுதான் தெரியேல்ல.”

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “கிள்ளான்காரி, உன்னையும் கேப்பினம். ரெண்டு வருஷம் வீணாப் போகும் எண்டு பயங்காட்டுவினம். நீ ஆறாம் படிவம் போ. எனக்காக அந்த ரெண்டு வருஷத்தை வீணாக்கு” என்றாள்.

மறுநாள் காலை என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான் போன பிறகு அவள் குளியலறையில் விழுந்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் நீங்கள் கேட்டீர்கள், மல்லிகா அக்கா. எல்லோரும் ஒப்பாரி வைக்கும்போது நீங்கள் மட்டும் நின்றபடி, “இவ்வளவு நாளு யாருமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?” என்று கேட்டீர்கள். பெரியம்மா அழுகையை நிறுத்தி, “ஆர் இந்தச் செந்தூல் பெட்டை, எங்கட ஆள் இல்லையே? வெளியில நிக்கச் சொல்லுங்கோ” என்றார். நீங்கள் வெளியே போய்ச் சாக்கடைப் பக்கம் நின்றீர்கள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். உங்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அந்த மாமியும் வந்தார். டிங்கியைப் பற்றிச் சொன்ன நர்ஸ் என்றேனே, அது அவர்தான். பெரியம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானே கட்டில் எடுத்துத் தந்து பக்கத்தில இருந்திருப்பனே, அக்கா! எங்கட வீட்டுக்கு வரப்போற பிள்ளை எல்லோ!” பெரியம்மா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். நிமிரவே இல்லை.

ஆனால் எட்டாம் நாள், அக்காவுக்குப் படைக்கும் செலவுச் சமையல் முடிந்து எல்லோரும் போன பிறகு, அதே மாமி தேநீர் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இளையவள் என்ன படிக்கிறாள்?”

“ஐஞ்சாம் படிவம்” என்றார் பெரியம்மா.

“நல்ல நிறம். ரெண்டு வருஷம்தானே. எங்கட டாக்டர்த் தம்பி பொறுப்பான்.”

யாரும் கோபப்படவில்லை. பெரியப்பா மட்டும் எழுந்து வெளியே போனார். நான் அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். திரும்பி வந்து, “நளாவின்ர காலேஜில, பள்ளிக்கூடச் சோதனைத் தேர்வு மார்க்கைப் பார்த்தே சேர்ப்பினமாம்” என்றார். அம்மாவுக்குப் போன் செய்தேன். கிள்ளானிலிருந்து அம்மா சொன்னது இதுதான்: “பெரியப்பா உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறார். அந்த வீட்டில துக்கம் நடந்திருக்கு, எதிர்த்துக் கதைச்சு இன்னும் நோகடிக்காதை.”

நாளைக் காலை என்னை உங்கள் கல்லூரிக்குக் கூட்டிப் போகிறார்கள். அக்காவின் சட்டப் புத்தகங்களை என் மேசைக்கு மாற்றி அடுக்கிவிட்டார்கள். ஓரங்களில் அவள் கையெழுத்து இருக்கிறது. நல்ல கையெழுத்து. அவற்றை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் தருகிறேன்.

அவளுடைய தைரியத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். கல்வெட்டிலும் அதுதான் இருக்கிறது. அதுவும் எனக்கு வேண்டாம். அறைந்த பிறகும் புட்டைச் சாப்பிட்டு முடித்த தைரியம் அது. வாந்தி எடுத்துவிட்டு மறுபடி உள்ளே போன தைரியம். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவள் எனக்குக் கொடுத்ததை மட்டும்தான். அவளுக்குக் கிடைக்காத அந்த இரண்டு வருடம். எனக்குத் தைரியம் இல்லை, மல்லிகா அக்கா. ஆனாலும் நாளைக்கு அந்தப் படியில் ஏற மாட்டேன். பெரியப்பா கேட்டால், தெருவில் வைத்து அடித்தாலும், ஆறாம் படிவம் என்றுதான்

கதவு தட்டுகிறார்கள். பெரியம்மா.

“பிள்ளை, இன்னும் படுக்கேல்லையோ? திற. நாளைக்கு மாமியும் வாறா. நளாவின்ர நீலச் சீலைச் சட்டை உனக்கு அளவோ எண்டு போட்டுப் பார்க்கவே